தவணை தவறாத ஹிட்லர்

1941 ஏப்ரலில் ஏதென்ஸுக்குள் நுழைந்த ஜெர்மன் படை ரொம்ப யோக்கியமானது. கிரேக்கர்களின் ஆலிவ் எண்ணெயையும் புகையிலையையும் அது எப்போதும் சும்மா அள்ளிக்கொண்டு போகவில்லை. காசு கொடுத்தும் வாங்கியது. காசு கிரேக்க மத்திய வங்கியின் காசு, அவ்வளவுதான்.

1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் இதற்கு ஓரளவு இடம் தருகின்றன: பிடித்த நாட்டில் நிற்கும் படையின் தேவைக்கு மட்டும். ஏதென்ஸில் கறந்ததோ வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோமல் நடத்திய போருக்கும் போனது. விதியை மீறலாமா? கூடாதே! ஆகவே 1942 மார்ச்சில் ஜெர்மனியும் இத்தாலியும் ரோமில் உட்கார்ந்து, வரம்புக்கு மேல் எடுப்பதையெல்லாம் 'கடன்' என்று எழுதிக்கொண்டன. வட்டி கிடையாது. கடன் கொடுப்பவனுக்கு அழைப்பும் கிடையாது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் ஏதென்ஸ் தெருக்களில் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தான். நோட்டு அச்சடித்தே படைக்குப் படியளந்ததில், 1944 நவம்பரில் 5,000 கோடி பழைய திராக்மாவைக் கொடுத்தால் புதிய திராக்மா ஒன்று கிடைத்தது.

1945இன் தொடக்கத்தில், பெர்லின்மீது குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்திலும் ஜெர்மன் அதிகாரிகள் பேரேட்டைப் புரட்டி பாக்கியை எழுதி வைத்தார்கள்: 47.6 கோடி ரைக்ஸ்மார்க். இடையில் சில தவணைகளும் கட்டியிருந்தார்கள். ஆக, ஹிட்லர் ஆட்சி ஒப்புக்கொண்ட கடன் இது. கைவிரித்தது பின்னால் வந்த ஜனநாயகம்.

1953இல் லண்டன் ஒப்பந்தம் மேற்கு ஜெர்மனியின் பழைய கடனில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுபடி செய்தது. விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்ட நாடுகளில் கிரீஸும் ஒன்று. போர்க் கோரிக்கைகளை மட்டும் இறுதித் தீர்வுவரை ஒத்திவைத்தார்கள். நாடு இரண்டாகக் கிடக்கிறதே, பொறுங்கள். 1990இல் நாடு ஒன்றானது, மாஸ்கோவில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. 'சமாதான ஒப்பந்தம்' என்ற பெயர் மட்டும் அதில் ஒட்டிவிடாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அதன்பின் கேட்டால், இத்தனை வருஷம் கழித்தா என்கிறார்கள். நேற்றுவரை வேளை வரவில்லை. இன்று வேளை தாண்டிவிட்டது. கேட்கத் தோதான அந்த நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

முதல் உலகப் போர் இழப்பீட்டுக்காக விற்ற கடன் பத்திரங்களுக்கு மட்டும் இந்தக் கெடு கிடையாது. அவற்றின் கடைசித் தவணையை ஜெர்மனி 2010 அக்டோபர் 3 அன்று கட்டியது. பத்திரக்காரன் முதலீட்டாளன் அல்லவா! அதே 2010இல்தான் 11,000 கோடி யூரோ கடனோடு கிரீஸுக்கு உபதேசமும் வந்தது: ஓய்வூதியத்தை வெட்டு, வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டப் பழகு. 2015இல் கிரேக்க அரசு பழைய பாக்கியை 1,030 கோடி யூரோ என்று கணக்கிட்டுக் காட்டியது. அன்றைய ஜெர்மன் பொருளாதார அமைச்சர் சிக்மர் கேப்ரியல் அதை முட்டாள்தனம் என்றார்.

2024இல் ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மையர் கிரீஸுக்குப் போனார். 1941 ஜூனில் ஜெர்மன் படை தரைமட்டமாக்கிய கண்டானோஸ் ஊரில் நின்று மன்னிப்புக் கேட்டார். பண விவகாரம் சட்டப்படி முடிந்துவிட்டது என்றும் அதே பயணத்தில் சொன்னார். மன்னிப்புக்குச் செலவில்லை. அந்தக் கடனில் 1945க்குப் பிறகு ஒரு காசும் ஏதென்ஸுக்கு வரவில்லை.