ஜூன் மாதத்து வெண்பனி

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஜூன் பிறந்தால் கோடை என்பது நாள்காட்டியின் கருத்து. மலை அதை ஏற்றுக்கொண்டதில்லை. 2,000 மீட்டருக்கு மேலே எந்த மாதத்திலும் வெண்பனி பெய்யலாம்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. நல்ல கோடை நாளில் உறைநிலைக் கோடு 4,000 மீட்டரை ஒட்டியிருக்கும். வடக்கிலிருந்து குளிர்காற்று வந்து மோதினால் ஒரே இரவில் அது பாதியாக இறங்கிவிடும். வம்பு அதோடு முடிவதில்லை. விழும் பனி உருகுவதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிடமே பிடுங்கிக்கொள்கிறது. காற்று மேலும் குளிர, குறுகிய பள்ளத்தாக்குகளில் பனி இன்னும் கீழே வரை விழுகிறது. வானிலை அறிவிப்பாளர் நெளிவது இங்கேதான்: ஓரிரு டிகிரி பிசகினால், மழை என்று அவர் சொன்ன ஊரில் மக்கள் மண்வாரியைத் தேடுவார்கள்.

நடு ஜூன் குளிரில் முதல் அடி ஆட்டுக்கு. அப்போதுதான் அதன் கம்பளியைக் கத்தரித்திருப்பார்கள். மாடுகள் பாடு தேவலை. மேய்ச்சல் நிலத்தைப் பனி மூடினால் தாழ்வான பிறர் நிலத்துக்கு ஓட்டிச்செல்லும் உரிமை பழைய வழக்கத்திலேயே உண்டு. சுற்றுலாப் பயணிக்கு அப்படியொரு சலுகையை யாரும் யோசிக்கவில்லை.

சைக்கிள் பந்தய வீரருக்கும்தான். 1988 ஜூன் 5 அன்று இத்தாலியின் ஜீரோ பந்தயம் 2,600 மீட்டர் உயரக் கவியா கணவாயைப் பனிப்புயலில் கடந்தது. உச்சியை முதலில் தொட்ட நெதர்லாந்து வீரர் யோஹான் வான் டெர் வெல்டே போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. ஏறும்போது உடம்பு சூடாக இருந்ததால் பிழைத்தார்; இறக்கத்தில் விறைத்துப்போய் ஒதுங்கி நின்றவர், முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கினார். அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணியோ அன்று காலையே பனிச்சறுக்குக் கடைகளில் கையுறைகளை வாங்கிக் குவித்திருந்தது. அன்றே முன்னிலைக்கு வந்த அவர், அந்த ஆண்டுப் பந்தயத்தையே வென்றார். கையுறைக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்காது.

பிரான்சின் டூர் சைக்கிள் பந்தய அமைப்பாளர்கள் வீரத்தைச் சோதிக்கவில்லை. 1996 ஜூலை 8 அன்று இசெரான், கலிபியே கணவாய்களில் பனியும் காற்றும் மிரட்ட, சுமார் 190 கிலோமீட்டர் பாதையை 46 ஆக வெட்டினார்கள். மலையேறிக் காட்ட வந்த வீரர்களை வண்டிகளில் ஏற்றி, மலைகளுக்கு அப்பால் இறக்கிவிட்டு, அங்கிருந்து ஓட்டச் சொன்னார்கள்.