46 மீட்டர் புத்தருக்கு 20 நிமிடம்

நேற்று இரவு 11.40க்கு மச்சினனின் எக்செல் ஷீட் மறுபடி வந்து விழுந்தது. இது ஆறாவது பதிப்பு. சிட்டிக்கு மஞ்சள், கல்ச்சருக்குப் பச்சை, ஃபுட்டுக்குச் சிவப்பு, பீச்சுக்கு நீலம். மே மாத லீவில் ஐந்தே நாள் தாய்லாந்து. அதற்கு 63 வரிசை. என் பையனின் பத்தாம் வகுப்பு டைம்டேபிளில்கூட நடுவே ஒரு பி.டி. பீரியட் இருந்தது.

ஐந்து நாளை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு கருத்து உண்டு. குரூப்பில் சொன்னால் கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் 14ஆம் வரிசையைச் சொல்லியாக வேண்டும்: ‘வாட் போ, சயன புத்தர், 10.10 – 10.30’.

பாங்காக்கின் வாட் போ கோயிலில் படுத்திருக்கும் அந்தப் புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். நாங்கள் பதினோரு பேர். உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். எங்களில் நாலு பேர் லேஸ் வைத்த ஷூ. சித்தப்பா குனிந்தால் நிமிர்த்த இன்னொரு ஆள் வேண்டும். கழற்ற நாலு, மாட்ட நாலு, ஆக எட்டு நிமிடம் வாசலிலேயே காலி. தலைமாட்டில் ஆரம்பித்துக் கால்மாட்டு வரை 46 மீட்டர், முதுகுப் பக்கமாகத் திரும்ப 46. மொத்தம் 92 மீட்டர், பெரியம்மாவின் முழங்காலோடு. கால்மாட்டில் உள்ளங்கால்கள் முழுக்க முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். சின்னம் என்றால் பெரியம்மா ஒன்றொன்றாக ‘இது சங்கு, இது என்னடா?’ என்று கேட்பார். முதுகுப் பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட வேண்டும். 108 என்று காதில் விழுந்தபிறகு 107இல் நிறுத்துகிற குடும்பம் இல்லை எங்களுடையது. ஆளுக்கு 108 என்றால் 1188 காசு. ஒரு காசுக்கு ஐந்து விநாடி என்று வைத்தாலும் ஒன்பது நிமிடம், அதுவும் முன்னால் நிற்பவர் வேண்டுதலில் கண்ணை மூடிக்கொள்ளாமல் இருந்தால். எட்டும் ஒன்பதும் பதினேழு. மிச்சம் மூன்று நிமிடம். அதில்தான் 92 மீட்டர், உள்ளங்கால், பெரியம்மாவின் சந்தேகங்கள், குரூப் போட்டோ எல்லாம். போட்டோவில் புத்தர் முழுசாக அடங்கவும் மாட்டார்; நடுவில் தூண்கள். ‘தலை மட்டும் போதும்’ என்று ஒரு கட்சி, ‘பாதம்தான் விசேஷம்’ என்று ஒரு கட்சி உருவாகும்.

அந்த ஊரிலேயே அவசரம் இல்லாதவர் அவர் ஒருவர்தான். அவரைப் பார்க்கத்தான் நாங்கள் ஓட வேண்டும். நம் ஊரில் பள்ளிகொண்ட பெருமாளைக் கண்ணில் வாங்குவதற்குள் ‘நகருங்க, நகருங்க’ என்று தள்ளிவிடுகிறார்கள். அப்படி யாரும் தள்ளாத ஒரு சன்னிதிக்குப் போகிறோம்; தள்ளுவதற்கு மச்சினனைச் செலவு செய்து கூடவே அழைத்துப் போகிறோம்.

10.30க்கு ஆற்றைக் கடந்து வாட் அருண் கோயில். அதற்குப் படகு இருக்கிறது. படகுக்கு வரிசை இருக்கிறது என்பது ஷீட்டில் இல்லை. ஷீட்டில் பாங்காக்கும் புக்கெட்டும்கூட அடுத்தடுத்த கட்டம்தான். சாலை வழியாக 800 கிலோமீட்டருக்கு மேல்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காய்கறி மட்டும் என்று கேட்டு வாங்கினாலும் அதில் மீன் சாறு ஒரு கரண்டி இருக்கலாம். ‘ஜே’ என்று மஞ்சள் கொடி போட்ட கடையில் வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது, பெரியம்மாவின் ஆசாரத்துக்கே ஒரு பிடி அதிகம். இதை நான் சொல்லியும் 22ஆம் வரிசையில் ‘ஃபுட் எக்ஸ்பீரியன்ஸ்’, பெட்டியிலோ இரண்டு கிலோ புளிக்காய்ச்சல்.

பீச் விஷயத்தில்தான் நிஜமாகவே கோபம் வந்தது. புக்கெட் இருக்கும் அந்தமான் கடல் பக்கம் மே மாதத்திலேயே மழைக்காலம் தொடங்கிவிடும். அலை முரடானால் கரையில் சிவப்புக் கொடி ஏற்றி யாரையும் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். கிழக்கே வளைகுடாப் பக்கம் சமுய் தீவுக்குப் போகலாமே, அங்கே பெருமழை அக்டோபர், நவம்பரில்தானே என்றேன். ‘மாமா, நெகடிவா பேசாதீங்க’ என்று பதில் வந்தது. கீழே பதினோரு பேரில் எட்டுப் பேர் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று என் மனைவி. 41ஆம் வரிசையைப் பார்த்தேன்: ‘சூரிய அஸ்தமனம், 4.30 – 4.50’. ஆறரை மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டுமாம். சூரியனுக்கு யார் தகவல் சொல்வது?

பதினோரு பேர் செலவில் நாலு பேர் செலவு என்னுடையது. கேட்டது ஒரே ஒரு மத்தியானம். சாவ் பிரயா ஆற்றங்கரையில் ஏதாவது ஒரு படகுத்துறை, ஐஸ் போட்ட டீ, போகிற வருகிற படகுகள். போட்டோ வேண்டாம், விளக்கம் வேண்டாம். இதை இரவு 11.52க்கு, கொஞ்சம் காட்டமாகவே, குரூப்பில் எழுதினேன்.

காலையில் ஏழாவது பதிப்பு வந்திருக்கிறது. 64ஆவதாகப் புதிதாக ஒரு வரிசை, சாம்பல் நிறத்தில்: ‘ஓய்வு (மாமா மட்டும்), 2.10 – 2.25, இடம்: வேன்.’