முட்டை அட்டையும் கடல் தெரியும் அறையும்

நாமக்கல்காரன் கடலுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் ஏறித் தெற்கே பார்த்து வண்டியை விட்டால் போதும். கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி எல்லாம் தாண்டி, ரோடு தீர்ந்துபோகிற இடத்தில் கடல் இருக்கும். ஸ்ரீநகரில் கிளம்பிய ரோடு, இதற்கு மேல் போக இடமில்லை என்று நின்றுபோன ஊர்தான் கன்னியாகுமரி. எங்கள் ஊரிலிருந்து நானூறு கிலோமீட்டர் சொச்சம்தான். இவ்வளவு நேர்வழி இருந்தும் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அந்த ரோட்டில் வடக்கே பெங்களூருக்குப் போய்க்கொண்டிருப்பார்களே தவிர, தெற்கே கடைசி வரைக்கும் போனவர்கள் குறைவு. லாரிக்காரர்கள் சேர்த்தி இல்லை. அவர்கள் போகாத ஊர் எது?

குளிர்நாட்டு வெள்ளைக்காரன் சம்பாதித்த காசைச் சேர்த்துவைத்து வெப்பமண்டலக் கடற்கரைக்கு வருவது எதற்கு? தென்னை மரம், மணல், இளநீர், வெயில், இத்துடன் கடல். இந்த ஐந்தில் நாலு எங்களிடமே இருக்கிறது. பரமத்தி வேலூரில் காவிரிக் கரையோரம் வேண்டுமளவு தென்னை. லாரி ஏறிப் போனது போக ஆற்றில் மணலும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இளநீர் வண்டி தெருமுனைக்கு ஒன்று நிற்கிறது. வெயிலைப் பற்றி நாங்கள் சொல்லக் கூடாது; சித்திரையில் சேலம் 40 டிகிரியைத் தொட்டால் அது செய்தியே இல்லை, தொடாவிட்டால்தான் செய்தி. ஆக எங்களுக்குக் குறைவது கடல் ஒன்றுதான். அதைச் சில்லறையில் வாங்கிவரத்தான் கோடை லீவில் குடும்பத்தோடு கிளம்பினோம்.

செய்தியைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஆருக்குச் சாமி திதி?"

அவர் தலைமுறையில் கடல் என்றால் ராமேஸ்வரம். ராமேஸ்வரம் என்றால் யாரோ போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். சாதாரணக் காரியத்துக்கு மோகனூர்க் காவிரி, கொஞ்சம் விசேஷம் என்றால் பவானி கூடுதுறை, அதற்கும் அடங்காத தோஷம் என்றால்தான் கடல். யாரும் சாகாமல், அமாவாசையும் இல்லாத நாளில், ரூம் போட்டுக் கடலோரம் தங்கப்போகிறார்கள் என்பது அவருக்கு ஏறவே இல்லை. "சும்மா பாக்கறதுக்கா? அதுல பாக்கறதுக்கு என்னுது இருக்குது?" என்றார். கேட்டுவிட்டு, காரில் முன்சீட்டில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டதும் அவர்தான்.

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. சும்மா கடல் பார்க்கப் போகிற வழக்கம் உலகத்துக்கே புதுசு. ரிச்சர்டு ரஸ்ஸல் என்றொரு இங்கிலாந்து டாக்டர், கழலை, கட்டி போன்ற உபாதைகளுக்குக் கடல் தண்ணீரில் குளிக்க வேண்டும், அதையே குடிக்கவும் வேண்டும் என்று 1750-ல் லத்தீனில் புத்தகம் போட்டார். பிறகு பிரைட்டன் என்ற மீனவர் ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு வைத்தியம் பார்த்தார். பணக்காரர்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். ஊர் பெருத்தது, விடுதிகள் முளைத்தன, கொஞ்ச காலத்தில் நோய் கழன்றுகொண்டது, விடுமுறை மட்டும் தங்கிவிட்டது. கடல் தண்ணீரை நிஜமாகவே குடித்திருக்கிறார்கள். ஆயிரம் அடி போர் போட்டு, அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாமல் திண்டாடுகிற எங்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியவில்லை.

எங்களோடு என் மனைவியின் அண்ணனும் குடும்பத்தோடு வந்தார். மச்சானுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. காலையில் எழுந்தால் அவர் முதலில் பார்ப்பது சாமி படம் இல்லை, தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற நாமக்கல் விலை. ஐந்து காசு ஏறினால் அன்று வீட்டில் எல்லோரிடமும் பிரியமாக இருப்பார். பத்துக் காசு இறங்கினால் அவர் மனைவி, எனக்கு அக்கா முறை, குழந்தைகளிடம் சொல்லிவிடுவார்: "இன்னிக்கு அப்பாட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

கார் டிக்கியைத் திறந்தால் ஒரு அட்டை முட்டை, முப்பதும் முழுசாக, துண்டு போட்டு மூடி இருந்தது.

"எதுக்குங்க மச்சான்?"

"அங்க ஆம்லெட் எம்பது ரூவாயாம் மாப்ள. ரெண்டு முட்டை. பண்ணையில முட்டை அஞ்சு ரூவாயச் சுத்தித்தான் நிக்குது. வெங்காயம் ரெண்டு ரூவாய்னு வெச்சாக்கூட மிச்சம் எதுக்குன்னு ரோசன பண்ணிப் பாருங்க."

கடலுக்கு என்றேன். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

ஓட்டலின் பெயர் வேண்டாம். செல்போனில் பார்த்த படத்தில் கட்டிலுக்கு அடியிலேயே அலை வந்து போகிற மாதிரி இருந்தது. சாதா ரூம், ஏசி ரூம், கடல் தெரியும் ரூம் என்று மூன்று விலை. கடல் தெரிவதற்கு 600 ரூபாய் கூடுதல். வந்ததே அதற்குத்தானே என்று அதையே போட்டோம். ரூம்பாய் பால்கனிக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தான். எதிரே இன்னொரு லாட்ஜின் மொட்டை மாடி. அதில் வரிசையாகக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் படுக்கை விரிப்புகள். எங்கே கடல் என்று கேட்டதற்கு, பொறுமையாக என் தோளைப் பிடித்து இடப்பக்க மூலைக்கு நகர்த்தி நிறுத்தினான். இரண்டாவது தொட்டிக்கும் மூன்றாவது தொட்டிக்கும் நடுவில், ஒரு சாண் அகலத்துக்கு நீலமாக ஏதோ மினுங்கியது.

"காத்தடிச்சா பெட்ஷீட் விலகும் சார். அப்ப இன்னுங் கொஞ்சம் தெரியும்."

மச்சான் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, அதை அளந்தார். "சாண் அறுநூறு ரூவாய். சேலம் அஞ்சு ரோட்டுலகூட இந்த ரேட்டு இல்லீங்க" என்றார். நாங்கள் ஆளுக்கு இரண்டு நிமிஷம் முறை வைத்து அந்த மூலையில் நின்று கொடுத்த காசுக்குக் கடலைப் பார்த்தோம்.

குளியலறையில் இரும்பு என்று எதுவும் மிச்சமில்லை. உப்புக் காற்று தின்றது போக இருந்தது இரும்பின் நினைவு மட்டும்தான். தாழ்ப்பாளைத் தொட்டால் கையில் செம்மண். குழாயின் கைப்பிடி தனியாக வந்தது. அதைச் சோப்பு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார்கள், தேவைப்படும்போது மாட்டிக்கொள்ள வேண்டியது. உருக்காலை உள்ள சேலத்திலிருந்து அம்மா வாங்கிவைத்த எவர்சில்வர் சொம்பு ஒன்றுதான் அந்த அறையில் துருப்பிடிக்காத உலோகம். வெந்நீர் காலை ஆறு முதல் ஏழரை வரைக்கும் என்று சுவரில் எழுதியிருந்தது. அந்தப் புழுக்கத்தில் வெந்நீர் யாருக்கு வேண்டும்? ஆனாலும் சும்மா வருகிறதை விடக் கூடாது என்று ஏழரைக்குள் எல்லோரும் குளித்து முடித்து, உடனே மறுபடி வேர்த்தோம்.

அதற்கு முன்னால் சூரிய உதயம். விடியுமுன்பே ரூம்பாய் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனான், கட்டடத்தில் தீப்பிடித்த அவசரத்தோடு. மொட்டை மாடியில் இந்தியாவே நின்றது: குஜராத்திப் பாட்டி, வங்காளத்துப் புதுமணத் தம்பதி, மங்கி குல்லா போட்ட ஒரு குடும்பம். அந்தக் குல்லா எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மச்சான் தூக்கக் கலக்கத்தில் முனகினார்: "இதுக்காங்க எழுப்புனான்? எங்க பண்ணையில சூரியனுக்கு முன்னாடியே லைட்டப் போட்டுருவம். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருந்தாத்தான் கோழி ஒழுங்கா முட்டை வெக்கும். சூரியன நம்பிப் பண்ணை நடத்த முடியுமா?" நம்பக் கூடாதுதான். அடிவானத்தில் மேகம். சூரியன் எப்போது வந்தது என்றே தெரியாமல் ஒரு தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. உடனே அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு கடலுக்கே நேரில் போனோம். மச்சான் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது.

"இத்தன தண்ணி கெடக்குது. ஒரு வெள்ளாமைக்கு ஆகுங்களா?"

மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது என்பதை மழைக்காலம் முழுக்க வாய்ப்பாடாகச் சொல்கிற ஊரில் பிறந்தவருக்கு இப்படித்தான் தோன்றும். மேட்டூர் 120 அடியைத் தொட்டால் எங்களுக்குத் திருவிழா. இங்கே அடிக்கணக்கு பார்க்க ஆளே இல்லை. மதகு இல்லை, கரை இல்லை, பொதுப்பணித் துறையும் இல்லை. மச்சான் அறுபதடிக் கிணற்றில் மோட்டார் கொட்டகை மேலிருந்து தலைகீழாகக் குதித்து வளர்ந்தவர். கடலில் வேட்டியை மடித்துக் கட்டிக் கணுக்காலோடு நின்றுகொண்டார். "கெணத்துல எந்தப் பக்கம் நீந்துனாலும் செவுரு வரும் மாப்ள. இதுல எங்க போயிப் புடிக்கறது?" முனையில் பாறையும் இழுப்பும் அதிகம், எல்லா இடத்திலும் இறங்கக் கூடாது என்று போலீஸ்காரர் வேறு விசில் ஊதிக்கொண்டிருந்தார். முழுசாக நனைந்தது நான் ஒருவன்தான். அதுவும் அம்மா விடவில்லை: "வந்தது வந்தோம், அப்பனுக்குன்னு நெனச்சு மூணு முழுக்குப் போட்டுட்டு வா கண்ணு." ஆக, திதி இல்லாத பயணம் என்ற புதுமை அங்கேயே முடிந்தது. அம்மாவுக்கு அதற்கப்புறம்தான் முகம் தெளிந்தது.

விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர், இரண்டுக்கும் நடுவே 2024 கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம், எல்லாம் பார்த்தோம். பாலத்தில் பிள்ளைகள் கீழே பார்த்தார்கள், பெரியவர்கள் வள்ளுவரையே பார்த்தார்கள்.

கடைத்தெருவில் வண்ண மணல் பொட்டலம் விற்கிறார்கள். சிவப்பு, கறுப்பு, அரிசி மாதிரி வெள்ளை. கன்னியாகுமரி அம்மனுக்கும் சுசீந்திரம் சிவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, நள்ளிரவில் மாப்பிள்ளை கிளம்பி வருகிறார். முகூர்த்தத்தைக் கெடுக்க நாரதர் சேவலாகிக் கூவிவிடுகிறார். விடிந்துவிட்டது என்று மாப்பிள்ளை திரும்பிப் போகிறார். சமைக்காமல் நின்றுபோன கல்யாண அரிசிதான் இந்த மணல். கடைக்காரர் இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே மச்சான் முகம் மாறியது. பழி கோழி இனத்தின் மேல் விழுகிறதே.

"அது நாட்டுச் சேவலா இருக்கும்" என்றார் கடைக்காரரிடம். "எங்க மாதிரி முட்டைப் பண்ணையில சேவலே கெடையாதுங்க. அத்தனையும் பொட்டைதான். முட்டை வெக்கறதுக்குச் சேவல் எதுக்கு? எங்கூர்ல இந்தக் கல்யாணம் நின்னுருக்காது." கடைக்காரர் மணலை எடை போடாமல் அவரையே பார்த்தார்.

மதியம் மீன் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தோம். பிள்ளைகள் மெனு அட்டையைப் புரட்டி ஒரே குரலில் கேட்டார்கள்: பள்ளிபாளையம் சிக்கன். பள்ளிபாளையம் எங்கள் மாவட்டம்தான். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, நானூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்துச் சமையலை, தேங்காயைப் பல்லுப் பல்லாக நறுக்கிப் போடாமல் துருவிப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, சமையற்காரரைக் கூப்பிடச் சொன்னார். மனைவி தடுத்துவிட்டார்.

ராத்திரி அறையில் மச்சான் முட்டை அவித்தார். பாத்திரம்? டீ போட்டுக்கொள்ள ஓட்டல்காரர்கள் வைத்திருந்த மின்சாரக் கெட்டில். ஒரு தடவைக்கு ஐந்து முட்டை பிடித்தது. தண்ணீர் கொதித்ததும் அது தானாகவே அணைந்துவிடும்; அவர் மறுபடி அழுத்துவார்; மறுபடி அணையும். முட்டைக்கும் கெட்டிலுக்கும் இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது ஒரு முட்டை உள்ளே விரிசல் விட்டு, வெள்ளை பொங்கி மூக்கு வழியாக வெளியே வந்து, அடித்தட்டில் வழிந்து, 'டப்' என்றது. அந்த மாடி முழுக்க இருட்டு. வராந்தாவில் குஜராத்திப் பாட்டியின் குரல் கேட்டது. மின்விசிறி நின்றதில் வாசனை எல்லா அறைக்கும் நிதானமாகப் போய்ச் சேர்ந்தது. ஃபியூஸ் போட வந்த ரூம்பாய்க்கு மச்சான் இரண்டு முட்டை கொடுத்தார். அவன் உப்பு கேட்டான்.

மறுநாள் கணக்கு முடிக்கும்போது ரசீதில் கடைசி வரி: கெட்டில், 500 ரூபாய்.

"கெட்டில் வெச்சது டீ போட. நீங்க அதுல முட்டைய வேவிச்சிருக்கிய. பின்ன நாங்க என்ன செய்ய, பாத்துக்கிடுங்க" என்றார் மேலாளர். நாகர்கோவில்காரர், கோபத்திலும் குரல் ஏறவில்லை.

மச்சான் பதில் பேசாமல் காருக்குப் போய் அட்டையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். பாதிக்குமேல் மிச்சமிருந்தது. "இதக் கழிச்சுக்குங்க."

மேலாளர் ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எங்களுக்கு வாறதும் நாமக்கல் முட்டைதான்."

அவ்வளவுதான். கெட்டிலை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். எந்த ஏஜென்ட் போடுகிறான், வாரத்துக்கு எத்தனை அட்டை, உடைசல் யார் கணக்கு, நேரடியாக வண்டியில் வந்தால் என்ன ரேட் என்று மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலாளர் கால்குலேட்டரை எடுத்தார். ரூம்பாய் டீ கொண்டுவந்து வைத்தான். அம்மா காரில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஹாரனை அழுத்தினார். பிள்ளைகள், கிடைத்த நேரம் லாபம் என்று கடலுக்கே ஓடிவிட்டார்கள்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தபோது பேச்சு மறுபடி கெட்டிலுக்கு வந்து, மேஜைமேல் இருந்த முட்டையை எந்த விலைக்கு வரவு வைப்பது என்பதில் நின்றிருந்தது. நேற்று ராத்திரி விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார் மேலாளர். மச்சான் செல்போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி, கடலைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

"அதெப்படிங்க? இன்னிக்குப் பத்துக் காசு ஏறியிருக்குது."