கிணறு சொன்ன சேதி

கேள்வி: நெய்வேலியில் நிலக்கரி இருப்பதை முதலில் கண்டுபிடித்த விஞ்ஞானி யார்?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: விஞ்ஞானி இல்லை, ஒரு கிணறு! 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் அங்கே தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 'தண்ணீர் கெட்டுப்போச்சு' என்று மூடிவிட்டுப் போகாமல், அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனாரே, அந்த மனுஷருக்கு ஒரு கும்பிடு.

1957 மே 20-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்ததோ 1961 ஆகஸ்டில்தான். மேலே பல பத்து மீட்டருக்குக் கெட்டியான மணற்பாறை. ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத வாளிச் சக்கரங்களின் பற்களே தேய்ந்தன. கீழேயோ, அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீர். இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அப்படி இறைத்துத்தான் இன்றுவரை வெட்டுகிறார்கள்.

சோவியத் உதவியோடு 1962-ல் அந்த நிலக்கரியிலிருந்து மின்சாரம் வந்தது. அதற்காக ஊரையும் வயலையும் விட்டுப் போனவர்களுக்கு நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம். 2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிர் மீதே பொக்லைனை ஏற்றினார்கள். நிலம் எப்போதோ கையகப்படுத்தியதாகவே இருக்கட்டும். கோடிக்கணக்கான ஆண்டு பூமிக்குள் கிடந்த நிலக்கரி, ஓர் அறுவடை வரை பொறுக்காதா?