பத்தாயிரம் காலடியும் ஒரு மண்வெட்டியும்

சிங்கப்பூரில் வீடு வாங்கிய செய்தியைப் பெரியப்பாவிடம் போனில் சொன்னபோது, “எந்த ஏரியாடா?” என்றார். “தஞ்சோங் பகார்” என்றேன். அவர் காதில் அது ‘தஞ்சை பக்கம்’ என்று விழுந்தது.

“தஞ்சாவூர் பக்கம்தானே? இதுக்கு எதுக்குடா பிளேன்ல போன?”

அது மலாய்ப் பெயர், ‘கழி நட்ட முனை’ என்பதுபோலப் பொருள், ஒருகாலத்தில் மீனவர் குடியிருப்பாக இருந்த இடம் என்றெல்லாம் விளக்கினேன். “அப்ப நம்மள மாதிரி தண்ணிக்கரை ஊர்னு சொல்லு” என்று சிங்கப்பூரையும் திருவையாறு தாலுகாவில் சேர்த்துக்கொண்டார். அந்தத் தண்ணிக்கரை ஊரில் இப்போது 50 மாடி அடுக்ககம் நிற்கிறது என்பதை நேரில் வரும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு ஒரு மாதம் வந்து தங்கினார். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று ஊர் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். என் மனைவிக்கு அது வேடிக்கையாக இருந்தது. சென்னையில் பிறந்து வளர்ந்தவள். கிராமம் என்றால் அவளுக்கு ஒரு படம் உண்டு: விடியற்காலை, காவிரிக்கரை, மூங்கில் கொத்து, தோளில் துண்டோடு நடந்துபோகும் ஒரு பெரியவர். “மாமாவுக்கு நடக்கச் சொல்லித் தரணுமா? ஊர்ல தினம் நாலு மைல் நடப்பாங்களே!” என்றாள்.

உண்மை எனக்குத் தெரியும். பெரியப்பா வீட்டிலிருந்து டீக்கடை எட்டு வீடு தள்ளி இருக்கிறது. டி.வி.எஸ். எக்ஸெல்லில்தான் போவார். ஆற்றுத் துறைக்குக் குளிக்கப் போவதும் எக்ஸெல்லில். கரைமேல் வண்டியை நிறுத்திவிட்டு, படிக்கட்டில் மட்டும் வண்டி இறங்காத காரணத்தால் ஒன்பது படி நடப்பார். ஊரே அப்படித்தான். இன்று எங்கள் ஆற்றங்கரையில் கால்நடையாகப் போவது, பெயருக்கேற்றபடி, கால்நடைகள் மட்டுமே.

முதல் நாள் மாலை அவருக்குப் புது ஷூ மாட்டி வெளியே அழைத்துக்கொண்டு வந்தேன்.

“எங்கடா போறோம்?”

“எங்கேயும் இல்ல பெரியப்பா. நடக்கப் போறோம்.”

“அதான், எங்க?”

சிங்கப்பூரில் நடைக்கு ஊர் தேவையில்லை, எண்ணிக்கை போதும் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. என் கைக்கடிகாரத்தைக் காட்டி, ஒரு நாளைக்கு 10,000 காலடி என்றேன். அந்தக் கணக்கு எந்த வேதத்திலும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று காலடி எண்ணும் கருவி செய்து ‘பத்தாயிரம் காலடி மானி’ என்று பெயரிட்டு விற்றது. விற்பனைக்கு வைத்த பெயர் உலகத்துக்கே விதியாகிவிட்டது. 2015இல் இங்கே தேசிய அளவில் நடைச் சவால் ஒன்றைத் தொடங்கி, கையில் கட்டப் பட்டையும் கொடுத்து, நடந்தவர்களுக்குப் பற்றுச்சீட்டும் கொடுத்தார்கள்.

“நடந்தா கவர்மெண்டு காசு குடுக்குதா?” பெரியப்பா நின்றுவிட்டார். “அட, நூறுநாள் வேலை!”

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

தஞ்சோங் பகாரில் நடப்பது சுலபம். மேடு என்று சொல்லப்படுவது எதுவும் மேடு இல்லை. டக்ஸ்டன் பூங்கா மரநிழலில் தொடங்கி, கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் வெயில் படாமல் புகுந்தால், கால் மணி நேரத்தில் தெலுக் ஆயர் தெரு. அங்கே 1828க்கும் 1830க்கும் இடையே தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா நிற்கிறது. பெரியப்பா அண்ணாந்து பார்த்து, பேரைக் கேட்டு, கணக்குப் போட்டார். “தஞ்சாவூர்லேர்ந்து நாகூருக்கு பஸ்ல மூணு மணி நேரம். உங்க தஞ்சையிலேர்ந்து நடந்தே வந்துட்டோமே!”

அது கட்டப்பட்டபோது கடல் எதிரிலேயே இருந்தது. கப்பலில் வந்திறங்கியவர்கள் நன்றி சொல்ல முதலில் ஏறிய கரை இது. பிறகு மண்ணைக் கொட்டி, கடலைத் தள்ளிவைத்துவிட்டார்கள். “எங்கூர்ல வாய்க்காலத்தான் தள்ளி வைப்பானுங்க” என்றார் பெரியப்பா, மரியாதை கலந்த குரலில்.

அப்படியே நேரே போனால் சிங்கப்பூர் ஆறு. நீளம் 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காவிரிக்கரைக்காரரிடம் இதை ஆறு என்று அறிமுகம் செய்ய எனக்குக் கூச்சமாகவே இருந்தது. 1977இல் தொடங்கிப் பத்து வருடம் இதைச் சுத்தம் செய்தார்கள், 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு கடல்நீர் உள்ளே வராமல் நன்னீர்த் தேக்கம் ஆகிவிட்டது என்று பெருமைகளை அடுக்கினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“தண்ணி மேல எந்த ஸ்டேட்டுலேர்ந்து வருது?”

“ஸ்டேட்டே கிடையாது பெரியப்பா. தொடங்குறது, முடியறது எல்லாம் இதே ஊருதான்.”

கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். “வழக்கே இல்லாத ஆறு. குடுத்து வெச்ச ஆறுடா” என்றார்.

ஆற்றுக்கு மேலே 1869இலிருந்து கேவனா பாலம் நிற்கிறது. இன்று நடப்பவர்களுக்கு மட்டும். அதன் முகப்பில் பழைய அறிவிப்புப் பலகை ஒன்று அப்படியே இருக்கிறது: 3 அந்தர் எடைக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் போகக் கூடாது. 3 அந்தர் என்றால் ஏறக்குறைய 152 கிலோ. பெரியப்பா 81, நான் 76. கூட்டிப் பார்த்த பெரியப்பா, “நீ முன்னால போ. நான் அப்பறமா வரேன்” என்றார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்.

ஒரு வாரத்தில் அவர் தனியாகவே கிளம்பத் தொடங்கினார். ஒரு நாள் மட்டும் 24 கிலோமீட்டர் பழைய ரயில் தடத்தில் ஒரு துண்டு சேர்ந்து நடந்தோம். 1932இல் திறந்த தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலாயாவுக்குப் போன பாதை அது. 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் போனது. தண்டவாளத்தைப் பெரும்பாலும் பிடுங்கிவிட்டு, புல்லையும் மனிதர்களையும் விட்டிருக்கிறார்கள். இன்னொரு நாள் ஹெண்டர்சன் அலைப்பாலத்தில் சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரத்தில் நின்று, “பெரிய கோயில் விமானத்துல பாதி தேறும்” என்றார். சர்க்கரை இறங்கியது. ஷூவைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறினார்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தேன். “நடக்கறீங்களா பெரியப்பா?”

“எங்கடா விடறானுங்க!”

முதல் நாள் காலை ஷூ போட்டுக் காவிரிக்கரையில் ஏறியிருக்கிறார். நூறடி போவதற்குள் ஒரு வண்டி நின்றது. “என்ன சித்தப்பா, எக்ஸெல்லு ரிப்பேரா? ஏறுங்க.” வேண்டாம் என்றதும் அடுத்தவன் நின்றான். “பெட்ரோல் இல்லியா? எங்க போவணும்?” எங்கேயும் இல்லை, சும்மா நடக்கிறேன் என்று சிங்கப்பூர் தத்துவத்தைச் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரத்தில் வீட்டுக்குச் சேதி போய்விட்டது. பெரியம்மா வாசலுக்கு ஓடிவந்து, “யாரு என்ன சொன்னாங்க? எதுக்குக் கோவிச்சுக்கிட்டுக் கிளம்புனீங்க?” என்று அழத் தொடங்கிவிட்டாராம். மறுநாள் மூன்று பேர் ஏறச் சொன்னார்கள். நாலாம் நாள் மறுக்கத் தெம்பில்லாமல் ஒரு டிராக்டரில் ஏறி, போக வேண்டிய அவசியமே இல்லாத திருவையாற்றில் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பியிருக்கிறார்.

பிறகு வழியைக் கண்டுபிடித்தது பெரியப்பாதான். இப்போது தினமும் காலையில் தோளில் ஒரு மண்வெட்டியைச் சாய்த்துக்கொண்டு கிளம்புகிறார். யாரும் நிறுத்துவதில்லை. வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறார் என்று வழிவிடுகிறார்கள். போவது மூன்று கிலோமீட்டர், வருவது மூன்று. அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பத்து வருடமாகிறது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மண்வெட்டி எடுத்தவனை ஏன் என்று கேட்கும் வழக்கம் அந்தக் கரையில் கிடையாது.

சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். நல்லவேளை, இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், ரயில் தடத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தேன். மரத்தடியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நாலு பேர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். வியர்வை வழியப் போன என்னைப் பார்த்து ஒருவர் கையை நிறுத்தினார். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு.

“என்னண்ணே, இந்த வெயில்ல நடந்து போறீங்க? கார்டுல காசு தீந்துருச்சா?”

இந்த ஊருக்கு வந்து 18 வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பத்தாயிரம், ஜப்பான், சவால் எல்லாம் தொண்டை வரை வந்தன. எதுவும் பதிலாகத் தோன்றவில்லை. “இல்லப்பா, சும்மா...” என்று இழுத்தேன். அவர்கள் நாலு பேரும் என்னை முழுசாக நம்பாத பார்வை பார்த்து, நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. மீன் குழம்பு. அன்றைய கணக்கு 4,112 காலடியோடு நின்றுபோனது.

இங்குள்ள தேக்கா கடைத்தெருவில் மண்வெட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் போகும்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதாக உத்தேசம்.