மயிரிழையா, பட்டையா?

எங்கள் வீட்டு மந்திரிசபையில் நிதி, உள்துறை, உணவு, கல்வி எல்லாம் மனைவியிடம். என்னிடம் இருப்பது சுற்றுலா, அதுவும் இணை அமைச்சர் அந்தஸ்தில்தான். ஊரிலிருந்து யாராவது சிங்கப்பூருக்கு வந்தால் சைனாடவுனைச் சுற்றிக்காட்டுவது என் பொறுப்பு. எப்போது, எவ்வளவு செலவில் என்பதை மற்ற இலாகாக்கள் பார்த்துக்கொள்ளும்.

இந்த முறை வந்தவர்கள் மாமியாரும் மைத்துனனும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, "1827-ல் நாராயண பிள்ளை எழுப்பிய கோயில்..." என்று தொண்டையைச் செருமினேன். "அர்ச்சனைச் சீட்டு எங்க வாங்கணும் மாப்பிள்ளை?" என்றார் அத்தை. வரலாறு அங்கேயே நின்றது. கும்பிட்டு வெளியே வந்து, பகோடா தெருவில் மெர்லயன் காந்தங்களை மைத்துனன் பேரம் பேசி முடிப்பதற்குள் எல்லோருக்கும் பசி.

பக்கத்திலேயே ஒரு லான்ஜோ நூடுல்ஸ் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மாஸ்டர், வெளியே செல்போனை உயர்த்திப் பிடித்த கூட்டம். முழங்கை கனத்துக்கு மாவை உருட்டினார், கை இரண்டையும் விரித்தார். நீண்ட மாவை மடித்தார், மறுபடி இழுத்தார். ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக, நாலு எட்டாக. நடுநடுவே பலகையில் 'பளார்' என்று ஓர் அடி; மாவு புகையாய் எழும்பியது. எட்டாவது இழுப்பில் 256 இழை. கை நுனியில் மிஞ்சிய உருண்டையைக் கிள்ளிவிட்டு, மொத்தத்தையும் கொதிநீரில் வீசினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"அப்பளக்காரம் மாதிரி என்னமோ போட்டிருக்கான். இல்லாட்டி மாவு இப்படி நீளுமா?" என்றார் அத்தை. சீனாவில் லான்ஜோ நகரம் இருக்கும் கான்சு மாநிலத்தில் பாலைவனச் செடி ஒன்றை எரித்து, அந்தச் சாம்பல் காரத்தைத்தான் மாவில் சேர்ப்பார்கள். இப்போது பெரும்பாலும் தூளாகவே வாங்கிவிடுகிறார்கள். நான் ராத்திரி கண்விழித்துப் படித்து வைத்திருந்ததை, அத்தை கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே சொல்லி முடித்துவிட்டார்.

கவுன்டரில் இருந்த பெண் சுவரிலிருந்த படத்தைக் காட்டி, எந்தத் தடிமன் வேண்டும் என்று கேட்டார். மயிரிழை, மெல்லிசு, அதற்கடுத்த மெல்லிசு, வெங்காயத்தாள் அகலம், பட்டை, இடுப்பு பெல்ட் அகலத்தில் பெரும்பட்டை, முக்கோணமாகக்கூட ஒன்று. எனக்கு நா தழுதழுத்தது. கல்யாணமான நாளிலிருந்து என் விருப்பத்தை யாரும் இவ்வளவு நுணுக்கமாக விசாரித்ததில்லை. சாம்பாரில் முருங்கையா கத்தரியா என்பதே எனக்குத் தட்டில் விழுந்த பிறகுதான் தெரியும். நெஞ்சை நிமிர்த்தி, "பெரும்..." என்றேன்.

"இவருக்கு மயிரிழை போதும். பட்டை செரிக்காது" என்றாள் உள்துறை.

மைத்துனனுக்குப் பெரும்பட்டை.

அடுத்த சிக்கல், அந்த நூடுல்ஸின் உயிரே மாட்டெலும்பு சூப். எங்கள் வீட்டில் அது ஆகாது. அத்தை அரை மணி நேரம் குறுக்கு விசாரணை நடத்தி, தக்காளி முட்டை நூடுல்ஸுக்கு அந்த சூப்பைத் தொடுவதில்லை என்று அந்தப் பெண்ணைச் சத்தியம் செய்ய வைக்காத குறை. அவருக்கு ஆங்கிலமும் அத்தைக்குச் சீனமும் தெரியாமலே விஷயம் முடிந்தது. எனக்கு இரண்டும் ஓரளவு தெரியும். என்னை யாரும் தேடவில்லை.

தக்காளி சூப்பில் மயிரிழை வந்தது. ஆனால் படித்ததை வீணாக்க மனம் வருமா? சாப்பிடாத மாட்டு சூப்பைப் பற்றியே பேச ஆரம்பித்தேன். ஹுய் முஸ்லிம்களின் கைவண்ணம். 1915-ல் மா பாவோசி என்பவர் ஆரம்பித்து வைத்ததாகச் சொல்வார்கள். தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நூடுல்ஸ் என்று ஐந்து லட்சணம். லான்ஜோக்காரர்களுக்கு இதுதான் காலைப் பலகாரம். அதோடு விட்டேனா? பக்கத்து மாநிலமான சிங்ஹாயில், லாஜியா என்ற இடத்தில், கவிழ்ந்து கிடந்த கிண்ணத்துக்குள் 4,000 வருஷத்துக்கு முந்தைய நூடுல்ஸ் கிடைத்ததையும், 2005-ல் அது 'நேச்சர்' இதழில் வந்ததையும் சொன்னேன்.

"நாலாயிரம் வருஷமா கிண்ணத்தைக் கழுவலையா?" என்றார் அத்தை.

மைத்துனன் சிரித்துப் புரையேறி, தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து எல்லாம் அடங்கியதும் சாப்ஸ்டிக்கைக் கிண்ணத்தில் விட்டேன். மெல்லிய இழை சூப்பில் வெகுநேரம் தாங்காது என்பதை மட்டும் நான் படிக்கவில்லை போலும். ஊறிப் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டி, மைத்துனனின் பெரும்பட்டைக்குப் பங்காளியாகி நின்றது.

"கேட்டது கிடைச்சிருச்சே அத்தான்!" என்றான் அவன், தன் கிண்ணத்தை வழித்தபடி. மனைவி ஸ்பூனை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.