அரைக் கிலோ ஆசை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடியலில் கூடும் ரோடு பைக் பிரியர்களுக்கு ஒரு சடங்கு உண்டு: அடுத்தவர் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பது. மிதிக்க வாங்கினாரா, தூக்க வாங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை.

பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது 2000 முதல் சர்வதேச விதி. அலுமினியச் சட்டமும் ஷிமானோ கிளாரிஸ் கியரும் கொண்ட நம்மவரின் வண்டி பெரும்பாலும் 10 கிலோவைத் தாண்டும். உடனே கார்பன் சக்கரத்தின் மேல் கண் போகிறது. ஜோடிக்கு அரைக் கிலோ குறையும். விலையோ சில சமயம் சைக்கிளையே மிஞ்சும்.

ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்றால், அரைக் கிலோ வெறும் 0.6 சதவீதம். ஒரு மணி நேர மலையேற்றத்தில் ஏறக்குறைய 22 விநாடி லாபம். கடற்கரைச் சாலையின் முட்டுக்காட்டில் மலைக்கு எங்கே போவது? சமதரையில் எதிரி காற்றுதான். அதை மறித்து நிற்பதில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடம்புக்கு. போதாததற்கு, கார்பன் சக்கரத்தின் உயரமான ரிம்மில் கடற்காற்று பக்கவாட்டில் அறைந்தால் ஹேண்டில்பார் தனி வழி தேடும்.

காசு குறைவென்றால் முதலில் மாற்ற வேண்டியது டயர். சட்டத்தில் இடமிருந்தால் 28 மி.மீ. போதும், வேகமும் கிடைக்கும், இடுப்பும் பிழைக்கும். பழைய 32 ஸ்போக் சக்கரம் கோணினாலும் மெக்கானிக் நிமிர்த்திவிடுவார்.

இதையெல்லாம் கடைக்காரரே பொறுமையாக விளக்குவார், கார்பன் சக்கரத்துக்குப் பில் போட்ட பிறகு.